குழந்தைகளின் சாக்ஸ்: வட சென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை எட்டு மணிக்கு மாட்டிய சாக்ஸைப் பள்ளிப் பிள்ளை மாலை நான்கு மணிக்குத்தான் கழற்றுகிறது. அத்தனை நேரமும் மூடிய ஷூவுக்குள், சென்னையின் புழுக்கத்தில், வியர்வையோடு. உடம்பில் போடும் வேறெந்தத் துணியும் இவ்வளவு நேரம் காற்றே படாமல் தோலோடு ஒட்டிக் கிடப்பதில்லை. ஆனாலும் சீருடைக்கு அளவெடுத்துத் தைக்கிறோம், ஷூவுக்கு நான்கு கடை ஏறி இறங்குகிறோம், சாக்ஸை மட்டும் பில் போடும் மேசைக்குப் பக்கத்தில் தொங்கும் கொத்திலிருந்து பார்க்காமலே எடுத்து வந்துவிடுகிறோம். சாக்ஸை உள்ளாடையாகக் கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிக் கருதிவிட்டால் வாங்குவது, துவைப்பது, காய வைப்பது எல்லாமே மாறிவிடும்.

வட சென்னைக்கென்று தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் கொடுங்கையூரிலும் வெள்ளைச் சாக்ஸ் மஞ்சளடிப்பதற்குப் பெரும்பாலும் துவைப்பவரின் கை காரணமல்ல, தண்ணீர்தான் காரணம். "சரியாகத் துவைக்கவில்லையா?" என்று பள்ளியில் கேட்கும்போது எத்தனை தாய்மார்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள்! அவர்கள் தலைகுனியத் தேவையே இல்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நெரிசல் தாங்காது. முடிந்தால் மே மாதத் தொடக்கத்திலேயே, காலை வேளையில் போய்விடுங்கள். கூட்டத்தில் நின்று சாக்ஸை உள்பக்கம் திருப்பிப் பார்க்க முடியாது. திருப்பிப் பார்க்காமல் வாங்கவும் கூடாது.

முதலில் நூல். உறையின் பின்புறம் பருத்தி, நைலான், பாலியஸ்டர், எலாஸ்டேன் (ரப்பர் போல இழுபடும் செயற்கை நூல்) என்று விழுக்காடு அச்சிட்டிருப்பார்கள். நம் ஊர் வெக்கைக்குப் பருத்தி 70 முதல் 80 விழுக்காடு வரை இருக்கட்டும். மீதி நைலானும் கொஞ்சம் எலாஸ்டேனும் இருந்தால் நல்லது. முழுப் பருத்தி என்றால் உயர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது நான்கைந்து துவைப்பில் தொளதொளத்துக் கணுக்காலில் வந்து விழும், காயவும் நேரம் பிடிக்கும். முழு பாலியஸ்டர் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, நாற்றத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையில் எதுவுமே அச்சிடவில்லை என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரைச் சாக்ஸின் மேல் விட்டுப் பாருங்கள். பருத்தி அதிகம் என்றால் பெரும்பாலும் உடனே இழுத்துக்கொள்ளும், செயற்கை நூல் அதிகம் என்றால் சொட்டு சற்று நேரம் மேலேயே நிற்கும்.

அடுத்து விரல்நுனித் தையல். சாக்ஸை உள்பக்கம் திருப்பி, விரல் பகுதிக்குள் உங்கள் சுட்டுவிரலை விட்டு நகர்த்துங்கள். கயிறு போல ஒரு மேடு தட்டுப்பட்டால் வேண்டாம். அந்த மேடு ஷூவுக்குள் சுண்டுவிரலை நாள் முழுக்க அறுத்துக்கொண்டிருக்கும். தட்டையாகத் தைத்தது, அல்லது தையலே தெரியாமல் பின்னியது கிடைக்கிறது. சில ரூபாய் கூடுதல், ஆனால் கொடுக்கலாம். சில குழந்தைகளுக்கு இந்தத் தையலின் உறுத்தல் தாங்கவே முடியாது. காலையில் சாக்ஸ் மாட்டும்போது அழுது அடம்பிடிக்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்பு இதைச் சோதித்துப் பாருங்கள். வேறு வழியில்லாத நாளில் உள்புறம் வெளியே தெரியும்படி மாட்டி அனுப்புங்கள். ஷூவுக்குள் யாரும் பார்க்கப்போவதில்லை, பிள்ளைக்கு நிம்மதி கிடைக்கும்.

கைக்குழந்தைச் சாக்ஸ் என்றால் இந்தச் சோதனை இன்னும் கட்டாயம். பூவேலை, பொம்மை படம் போட்ட சாக்ஸின் உள்ளே வண்ண நூல்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நூலோ, தாயின் உதிர்ந்த தலைமுடியோ குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகிக்கொள்வது உண்டு. இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கிச் சிவந்துவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் சாக்ஸைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். விரலில் நூல் இறுகியிருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நூல்கள் தொங்கும் சாக்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

குதிகால் பகுதி தனியாக வளைத்துப் பின்னப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நேர்க் குழாய் போலப் பின்னிய மலிவுச் சாக்ஸ் நடக்க நடக்கத் திருகிக்கொண்டு போகும். மேல்பட்டையை இரு கையாலும் நன்றாக இழுத்து விடுங்கள். உடனே பழைய அகலத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் மட்டும் போதாது, ரொம்பவும் இறுக்கமாக இருந்தாலும் தவறு. வீட்டில் கழற்றும்போது காலில் ஆழமான பள்ளம் விழுந்து, அரை மணி நேரம் கழித்தும் மறையவில்லை என்றால் அந்தச் சாக்ஸ் அந்தக் காலுக்கு உரியதல்ல.

கருநீலம், கறுப்பு, மெரூன் சாக்ஸ் வாங்கும்போது ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓரிடத்தில் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அது பிள்ளையின் காலிலும் ஒட்டும், ஊற வைத்த பக்கெட்டில் இருக்கும் மற்றத் துணிகளிலும் ஒட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அளவு

வயதைச் சொல்லி வாங்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் இருவரின் பாதம் ஒரே நீளத்தில் இருப்பது அபூர்வம். சாயங்காலம், பாதம் சற்று விரிந்திருக்கும் நேரத்தில், பிள்ளையைச் செய்தித்தாளின் மேல் நிற்க வைத்து இரு பாதங்களையும் வரைந்துகொள்ளுங்கள். நீளமான பாதத்தின் அளவுதான் கணக்கு. அந்தத் தாளைக் கடைக்கு எடுத்துச் சென்று, சாக்ஸை இழுக்காமல் அதன் மேல் வைத்துப் பாருங்கள். சாக்ஸின் பாதம் வரைபடத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால் போட்டதும் சரியாக நிற்கும்.

பிள்ளை கூடவே வந்தால் இன்னும் எளிது. கையை மூடச் சொல்லி, சாக்ஸின் பாதப் பகுதியை மூடிய முட்டியைச் சுற்றிச் சுற்றுங்கள். குதிகாலும் விரல்நுனியும் தொட்டுக்கொண்டால் அளவு ஏறக்குறைய சரி. பல கடைகளில் இன்றும் இதைச் செய்து காட்டுகிறார்கள்.

"வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரியதாக எடு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சட்டைக்கு அது சரி. பெரிய சாக்ஸ் ஷூவுக்குள் மடிந்து, மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளம் கிளம்பும். சிறிய சாக்ஸோ விரல்களைப் பின்னுக்குத் தள்ளி மடக்கும். தொடக்கப் பள்ளி வயதில் பாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, அதற்கும் சிறிய வயதில் இன்னும் வேகம். அதனால் ஓர் ஆண்டுக்குச் சேர்த்து வாங்கிக் குவிக்காமல், காலாண்டு விடுமுறையில் ஒருமுறை பாதத்தை மீண்டும் அளந்து பாருங்கள்.

எத்தனை ஜோடி? கோடையில் நான்கு போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக்குக் குறைந்தது ஆறு ஜோடி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நிறம், ஒரே கம்பெனி, ஒரே அளவில் வாங்குங்கள். ஒற்றை தொலைந்தால் மற்றொரு ஒற்றையோடு சேர்த்துவிடலாம்.

கைக்குழந்தைக்குச் சாக்ஸ் தேவையா என்றால், மே மாத வெயிலில் தேவையே இல்லை. ஏ.சி. அறையிலும் மார்கழி அதிகாலையிலும் போடுங்கள், போதும். நடை பழகும் குழந்தைக்கு வெறுங்கால்தான் நல்லது. டைல்ஸ் தரையில் வழுக்காமல் தரையைப் பிடித்து நிற்கக் கால் தானே கற்றுக்கொள்ளும். சாக்ஸ் போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்ததைப் போடுங்கள்.

தண்ணீரை அறிந்துகொள்ளுங்கள்

வட சென்னையில் ஒரே வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் இருக்கும்: அடிபம்பிலோ குழாயிலோ வரும் மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர். மூன்றும் ஒன்றல்ல. மீஞ்சூர் வட்டாரத்தில் 1960களின் இறுதியிலேயே கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவியது பதிவாகியிருக்கிறது. கடலோரம் நெடுகப் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, சில தெருக்களில் இரும்பும் கலந்து வருகிறது. மறுபக்கம், காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனோடு அமைக்கப்பட்டது. அந்தத் தண்ணீரும் புழல் ஏரித் தண்ணீரும் குழாயில் வரும்போது துவைப்பதற்கு அருமையாக இருக்கும்.

உங்கள் போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று காசில்லாமல் கண்டுபிடிக்கலாம். வெள்ளை பக்கெட்டில் பிடித்து ஓர் இரவு மூடாமல் வையுங்கள். பிடிக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருந்த தண்ணீர் காலையில் கலங்கி, அடியில் செம்மஞ்சள் வண்டல் படிந்திருந்தால் இரும்பு உண்டு. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகிப் படிகிறது. அதே வேலைதான் துணி இழைக்குள்ளும் நடக்கிறது. வெள்ளைச் சாக்ஸின் மஞ்சள் பெரும்பாலும் இந்தத் துருதான்.

எல்லோரும் இடறி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. மஞ்சளைக் கண்டதும் பிளீச்சிங் பவுடரையோ குளோரின் திரவத்தையோ ஊற்றுகிறார்கள். குளோரின் இரும்பை இன்னும் வேகமாகத் துருவாக்கி இழையிலேயே நிலைநிறுத்திவிடும். அதோடு எலாஸ்டேனை அரித்து மேல்பட்டையைத் தளர்த்தும், நைலானையும் மஞ்சளாக்கும். துருக்கறைக்குத் தேவை புளிப்பு. அரை பக்கெட் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, அல்லது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு மேசைக்கரண்டி கலந்து, வெள்ளைச் சாக்ஸை ஒரு மணி நேரம் ஊற வைத்து அலசுங்கள். மஞ்சள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். பழைய கறை என்றால் இரண்டு மூன்று வாரம் தொடர வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: புளிப்பான எதையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும், சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இரும்பில்லாத உப்புத் தண்ணீர் வேறு வகைத் தொல்லை. சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டிச் சாக்ஸை அட்டை போல விறைக்க வைக்கும். ஒரு பக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை சலவை சோடா போட்டுக் கரைத்த பிறகு டிடர்ஜென்ட் போடுங்கள். உப்பு தங்கிய துணி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் எத்தனை நேரம் காய்ந்தாலும் பிசுபிசுக்கும். ஆகவே துவைப்பதும் முதல் அலசலும் எந்தத் தண்ணீரில் வேண்டுமானாலும் நடக்கட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் ஒரு சொம்பாவது ஒதுக்கிவிடுங்கள். குடம் குடமாகத் தூக்கி வரும் வீட்டில் இது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். ஒரு ஜோடிக்கு ஒரு சொம்பு போதும். அதுவும் இல்லையென்றால், இரவெல்லாம் தெளிய வைத்த போர் தண்ணீரின் மேல்பகுதியை வண்டல் கலங்காமல் மொண்டு பயன்படுத்துங்கள். உப்பு போகாது, இரும்பாவது குறையும்.

துவைக்கும் முறை

வேலை தொடங்குவது பிள்ளை வீட்டுக்குள் காலை வைக்கும் நிமிடத்தில். கழற்றிய சாக்ஸை ஷூவுக்குள் திணிக்கவோ அழுக்குக் கூடையில் சுருட்டி எறியவோ விடாதீர்கள். உள்பக்கம் திருப்பி, எங்காவது காற்றாடத் தொங்கவிடச் சொல்லுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கே இது பழகிவிடும். வியர்வைக்கு வாடை இல்லை. ஈரத்தில் பெருகும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. தோலின் செதிலும் வியர்வையும் இருப்பது உள்புறத்தில் என்பதால் துவைப்பதும் உள்புறம் திருப்பியே.

வெள்ளை, வண்ணம் என்று பிரித்து, இருபது முதல் முப்பது நிமிடம் ஊற வையுங்கள். இரவு முழுக்க ஊற வைத்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது உண்மையல்ல. சாயம் இறங்கும், ஊறல் வாடை வரும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். பிறகு குதிகாலிலும் விரல்நுனியிலும் சோப்பைத் தடவி, ஒரு சாக்ஸை மற்றதன் மேல் வைத்துக் கசக்குங்கள். துவைக்கும் கல்லில் அடிக்காதீர்கள், முரட்டு பிரஷும் வேண்டாம். இரண்டும் எலாஸ்டிக்கை அறுக்கும், முறுக்கிப் பிழிவதும் அப்படித்தான். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிழியுங்கள்.

நுரை அடங்கும் வரை அலசுங்கள், மூன்று தண்ணீராவது ஆகும். தங்கிவிட்ட சோப்பு வியர்வையில் கரைந்து அரிப்பு உண்டாக்கும். பிள்ளை கணுக்காலைச் சொறிந்துகொண்டே இருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல் விழட்டும். சொட்டு நீலம் போடுவதானால் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே துணியை முக்குங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சாக்ஸுக்கு வேண்டாம், அது இழையின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும்.

வாஷிங் மெஷினில் போடுவோர் ஜிப் வைத்த வலைப்பையில் போட்டால், குட்டிச் சாக்ஸ் டிரம்மைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்புக்குள் நுழைந்து காணாமல் போகாது.

நாற்றம் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் வகை வெளுப்புத் தூள் கலந்து ஒரு மணி நேரம் ஊற வையுங்கள், அது குளோரின் அல்ல. சேற்றுப்புண் வந்த பிள்ளையின் சாக்ஸுக்கு மட்டும் 60 டிகிரி சூடு வேண்டும், ஏனென்றால் பூஞ்சை அதற்குக் கீழே எளிதில் சாவதில்லை. அந்தச் சூட்டில் எலாஸ்டிக் சீக்கிரம் தளரும், புதிய சாக்ஸ் வாங்க வேண்டியிருக்கும். அது பரவாயில்லை. அண்ணன் சாக்ஸைத் தம்பிக்கு மாற்றிப் போடுவதையும் அந்தக் காலத்தில் நிறுத்திவிடுங்கள். விரலிடுக்குத் தோல் வெளுத்து உரிந்து ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூஞ்சையை மறைத்துப் பெருக்கிவிடும்.

இந்தப் பக்கத்துக் கறைகள்

கடற்கரை மணலும் மைதானச் சேறும் காயட்டும். காய்ந்த பின் உதறி, மீதியைத் துவையுங்கள். ஈரத்தோடு கசக்கினால் மண் இழைக்குள் இறங்கிவிடும். இரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். எண்ணூர்ப் பக்கக் கடற்கரையில் காலில் ஒட்டும் தார் போன்ற எண்ணெய்ப் பிசுக்குக்குத் தண்ணீர் படுவதற்கு முன்பே தேங்காய் எண்ணெய் தடவி இளக்கி, பாத்திரம் துலக்கும் திரவத்தால் கசக்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் எர்ணாவூர், எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி எண்ணெய்யும் சாக்கடையும் கலந்த வெள்ளத்தில் ஊறிய சாக்ஸைக் காப்பாற்ற முயலாதீர்கள், தூக்கி எறிந்துவிடுங்கள்.

வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைகள் ஏராளம். முழங்கால் வரை ஏறும் அந்த ஸ்டாக்கிங்ஸ் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். பள்ளிச் சாக்ஸோடு சேர்த்து ஊற வைக்காமல், ஆட்டம் முடிந்த அன்றே தனியாக அலசுங்கள். ஒரு நாள் பையில் கிடந்தால் அந்த வாடை போக மூன்று துவைப்பு ஆகும்.

காய வைப்பதும் அடுக்குவதும்

உள்புறம் வெளியே இருக்க, விரல்நுனியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். மேல்பட்டையில் கிளிப் போட்டால் தண்ணீரின் கனத்தில் அது இழுபடும். மொட்டை மாடி வெயில் கிடைத்தால் அதைவிடச் சிறந்த மருந்து இல்லை. மணலி, எண்ணூர், அத்திப்பட்டு சுற்றுவட்டாரத்தில் சாம்பல் தூசி பறக்கும் நாட்களில் மட்டும் வெயிலை விட்டுக்கொடுத்து, ஜன்னலோரம் உள்ளே காய வையுங்கள். தூசி படிந்துவிட்டால் தேய்க்காமல் உதறுங்கள்.

காய்ந்ததும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தட்டையாக மடியுங்கள். பந்து போல உருட்டி மேல்பட்டையைத் திருப்பிச் செருகுவது எலாஸ்டிக்கை நாள் முழுக்க இழுத்து வைக்கும். குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் அந்துருண்டை கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கக்கூடும், அந்தக் குறைபாடு பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதில்லை.

குதிகாலில் வெளிச்சம் தெரிந்தால், மேல்பட்டை நழுவினால், உள்ளே உருண்டை உருண்டையாகத் திரி கிளம்பினால் அந்த ஜோடி ஓய்வு பெறட்டும். தைத்துப் போடுவது சிக்கனம்தான், ஆனால் அந்தத் தையல் முடிச்சு ஷூவுக்குள் பிள்ளையின் காலைப் புண்ணாக்கும்.

கடைசியாக மழைக்கால இரவு. மணி எட்டு, நாளைக்கு வேண்டிய ஜோடி சொட்டச் சொட்ட ஈரம், வெளியே மழை. காய்ந்த பருத்தித் துண்டை விரித்து அதில் சாக்ஸை நீட்டி வைத்து, துண்டைப் பாய் போல இறுகச் சுருட்டி அதன் மேல் ஏறி மிதியுங்கள். வேறொரு காய்ந்த துண்டில் மீண்டும் ஒருமுறை. பாதி ஈரம் துண்டுக்குப் போயிருக்கும். பிறகு வட்டக் கிளிப் ஹேங்கரில் மாட்டி மின்விசிறிக்கு நேர் கீழே தொங்கவிட்டு, ஜன்னலை ஒரு விரல் இடைவெளிக்குத் திறந்து வையுங்கள். அடுப்புக்கு மேலே கம்பியில் போடாதீர்கள், தீப்பற்றும். காலையில் விரல்நுனிப் பகுதியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. பாதப் பகுதியை மட்டும், மேல்பட்டையைத் தொடாமல், மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி எடுங்கள். அப்போதும் காயவில்லை என்றால் வேறு நிறச் சாக்ஸைப் போட்டு, டைரியில் வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.